ரேட் ஏறுனா ஏன் கோவம் வருது? சந்தை, காசு, மனசாட்சி பத்தி ஒரு ஆரம்பப் பாடம்

மே மாசம் ஊட்டிலயோ குன்னூர்லயோ ரூம் கேட்டுப் பாருங்க. பிப்ரவரில ஆயிரத்து ஐநூறுக்குக் குடுத்த அதே ரூம், அதே பக்கெட், அதே வேலை செய்யாத ஹீட்டர், மே மாசம் நாலாயிரம்பாங்க. வர்றவங்க "பகல் கொள்ளை"ன்னு திட்டிக்கிட்டே எண்ணிக் குடுப்பாங்க. அதே வாரம் மேட்டுப்பாளையம் மண்டில ஊட்டி கேரட் வெலை ரெண்டு மடங்காச்சுன்னு வைங்க, கேத்தி பக்கம் கேரட் போட்டவரப் பாத்து யாரும் கொள்ளைக்காரன்னு சொல்ல மாட்டாங்க, "இந்த வருஷமாச்சும் வாங்குன கடன் அடையட்டும்"னுதான் சொல்வாங்க.

ரெண்டும் ஒரே கதைதானே, வாங்க ஆள் ஜாஸ்தி, சரக்கு கம்மி, ரேட் ஏறுச்சு. பாடப்புத்தகம் இதோட முடிச்சிடும். ஆனா நமக்குள்ள ஒரு நியாய அநியாயக் கணக்கு ஓடிட்டே இருக்கு, அந்தக் கணக்கு எப்படி ஓடுது, காசு குடுத்தா எந்த வேலை நல்லா நடக்கும் எது கெட்டுப் போகும், சில சமாச்சாரத்த ஏன் விக்கவே கூடாதுங்கறோம், இதையெல்லாம் ஜனங்ககிட்ட கேட்டும் சோதனை வெச்சும் பாக்கறதுக்குன்னே பொருளாதாரத்துல ஒரு தனி ஆராய்ச்சி இருக்கு. எகனாமிக்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி அத சொல்லிப் பாக்கறேன், உதாரணமெல்லாம் நம்ம நீலகிரி மலைலயே கிடைக்குது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் படிச்ச வரைக்கும் இதுல இருந்து எடுத்துக்கிட்டது என்னன்னா, ஒவ்வொரு ரேட்டும் ஒரு சேதியோட வருது, ஜனங்க அந்தக் காசுக்கு எவ்ளோ பதில் சொல்றாங்களோ அவ்ளோ அந்த சேதிக்கும் பதில் சொல்றாங்க.

சரி, கோவத்துல இருந்தே ஆரம்பிப்போம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர்னு மூணு பேர் கனடாவுல ஜனங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டு 1986ல வெளியிட்ட ஆய்வுல ஒரு கேள்வி. ஒரு ஹார்டுவேர் கடை பனி வாரற மம்பட்டிய 15 டாலருக்கு வித்துட்டு இருக்கு, ராத்திரி பெரிய பனிப்புயல் அடிச்சிடுச்சு, காலைல கடைக்காரர் அத 20 டாலராக்கிட்டார், இது சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம்னுட்டாங்க. அதே ஆய்வுல இன்னொரு கேள்வி, லாரி வர்றதுல குளறுபடி ஆகி கோஸ் மாதிரி இருக்குமே லெட்யூஸ் கீரை, அதோட மொத்த வெலையே ஏறிடுச்சு, மளிகைக் கடைக்காரர் தனக்கு ஏறுன அளவுக்கு ரேட்ட ஏத்தறார், இது சரியா? இதுக்கு 79 சதவீதம் பேர் சரிதான்னாங்க. வாங்கறவனுக்கு ரெண்டுலயும் கையவிட்டுப் போறது காசுதான், ஆனா ஒண்ணுல கடைக்காரர் தன் நஷ்டத்த சமாளிக்கறார், இன்னொண்ணுல நம்ம கஷ்டத்த லாபமாக்கறார்.

அவங்க கண்டுபுடிச்ச விதி ரொம்ப சிம்பிள். வாங்கறவனுக்கு பழகுன ரேட்டு மேல ஒரு உரிமை இருக்கறதா ஜனங்க நெனைக்கறாங்க, விக்கறவனுக்கு பழகுன லாபத்து மேல ஒரு உரிமை இருக்கறதா நெனைக்கறாங்க. செலவு ஏறுனா ரேட் ஏத்திக்கோ, பரவால்ல. செலவு ஏறாம டிமாண்ட் மட்டும் ஏறுச்சுன்னு ஏத்துனா வயிறு எரியும். லாட்ஜ்காரர் மாட்டறது இங்கதான், மே மாசம் அவருக்கு பெருசா செலவு ஒண்ணும் ஏறல. கேரட்காரர் ஏன் தப்பிக்கறார்ங்கறதுக்கு என் கணக்கு வேற, அவர் ரேட் வெக்கறதே இல்ல, மண்டில ஏலம் வெக்குது, அதுவும் போக மூட்டைய இறக்குன கூலிக்கே தேறாம போன வாரங்களும் நமக்குத் தெரியும். லாட்ஜ்காரருக்கும் ஜூலை மழைல ஒரு ரூம் கூட போகாத நாள் இருக்கு, ஆனா அத யாரும் பாக்க வர்றதில்லயே. (வர்றவங்களே இல்லைங்கறதுதானே அவரோட பிரச்சனை.)

இப்ப கொஞ்சம் சீரியஸா ஒரு நெலமை. 2009 நவம்பர்ல பெய்ஞ்ச மழைல நீலகிரில மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்க, ரோடெல்லாம் துண்டு துண்டாப் போச்சு. அந்த மாதிரி ஒரு நாள்ல கரெண்ட் இல்ல, குன்னூர் ரோடு அடைச்சாச்சு, கோத்தகிரி ரோட்டுலயும் மரம் விழுந்து கெடக்கு, ஒரு கடைக்காரர் அஞ்சு ரூபா மெழுகுவத்திய இருபதுக்கு விக்கறார்னு வைங்க. ஊரே அவர் கடைய மறக்காது, அடுத்த வருஷம் கல்யாணப் பத்திரிகை கூட வெக்க மாட்டாங்க. பொருளாதாரக்காரங்கள்ல பாதிப்பேர் இந்த எடத்துல கடைக்காரருக்கு வக்காலத்து வாங்குவாங்க, அவங்க சொல்றதயும் முழுசா கேக்கணும். அஞ்சு ரூபாய்க்கே வித்தா முதல்ல வந்தவர் ரெண்டு டஜன் வாங்கிட்டுப் போயிடுவார், பின்னால வர்ற கைக்குழந்தைக்காரிக்கு ஒண்ணும் இருக்காது. இருபதுன்னா அவரே ரெண்டோட நிறுத்திக்குவார். அதுமட்டுமில்ல, மேல இருபது போகுதுன்னு தெரிஞ்சா கீழ மேட்டுப்பாளையத்துல எவனாவது ஒருத்தன் பைக்ல ஒரு பெட்டி கட்டிக்கிட்டு சுத்து வழில ஏறி வருவான், அஞ்சுன்னா எதுக்கு வரப் போறான். ரேட்டுங்கறது "இங்க ஆள் வேணும், சரக்கு வேணும்"னு கூப்புடற கூப்பாடு, அத அமுக்குனா சரக்கும் வராதுங்கறது அவங்க வாதம்.

வாதம் சரியா தப்பான்னு கேட்டா எனக்கு பாதி சரின்னுதான் படுது. சரக்கு வர முடியற எடத்துல சரி. ரெண்டு பக்கமும் ரோடே இல்லாம எவனும் ஏறி வர முடியாத ராத்திரில அந்த இருபது ரூபா யாரையும் கூப்புடல, இருக்கறவன் கைல இருந்து கடைக்காரர் கைக்கு மாறுது, அவ்ளோதான். பொருளாதாரக்காரங்க இந்த வித்தியாசத்த அடிச்சு சொல்றதில்ல, ஜனங்களும் முதல் வகைய ஒத்துக்கறதில்ல, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முட்டாள்னு நெனச்சுக்கிட்டே காலம் ஓடுது.

இதுக்கு ஒரு மலை உதாரணமே ஆராய்ச்சில இருக்கு, படிச்சப்ப எனக்கு தொட்டபெட்டா ஞாபகம்தான் வந்துச்சு. புரூனோ ஃப்ரை, வெர்னர் பொமரேனே ரெண்டு பேரும் 1993ல வெளியிட்டது, சூரிக்லயும் பெர்லின்லயும் கேட்டாங்க. நடந்து மட்டுமே போகக்கூடிய ஒரு மலை வியூபாயிண்ட், அங்க ஊத்துத் தண்ணிய பாட்டில்ல அடைச்சு ஒரு ஃப்ராங்குக்கு விக்கறாங்க, ஒரு நாளைக்கு 100 பாட்டில்தான். ஒரு நாள் வெயில் கொளுத்துது, 200 பேர் கேக்கறாங்க, விக்கறவர் ரெண்டு ஃப்ராங்க்னுட்டார். முக்காவாசி பேர் அநியாயம்னாங்க. அப்ப வேற எப்படித்தான் குடுக்கறதுன்னு கேட்டதுக்கு, முதல்ல வந்தவனுக்கு முதல்லங்கறதுக்கு முக்காவாசி பேர் தலையாட்டுனாங்க. அதிகாரி யாராச்சும் பாத்துப் பிரிச்சுக் குடுக்கறது ரெண்டாவது. குலுக்கல் போடறதுதான் இருக்கறதுலயே கடைசி, ரேட் ஏத்தறத விடவும் கம்மி ஆதரவு. குலுக்கல்லதான எல்லாருக்கும் சமமான வாய்ப்புன்னு நாம நெனைப்போம், ஆனா கஷ்டப்பட்டு சீக்கிரம் ஏறி வந்தவனுக்கு அது வயித்தெரிச்சல், ஜனங்க உழைப்பையும் கணக்குல எடுத்துக்கறாங்க போல.

நம்ம இ-பாஸ் இந்தக் கேள்விக்கு நாம குடுத்த பதில்தான். மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் கட்டிட்டாங்க, நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000. பாஸ் ஃப்ரீ. பொருளாதாரம் படிச்சவர் யாரா இருந்தாலும் முதல்ல கேக்கறது, ஏன் ஃப்ரீ, ஒரு வண்டிக்கு ரெண்டாயிரம் வெச்சா கூட்டமும் குறையும் முனிசிபாலிட்டிக்கு காசும் வருமேன்னு. கணக்கா சரிதான். ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கறவர் பொண்டாட்டி புள்ளைங்களோட வருஷத்துக்கு ஒரு தடவ வாடகை வண்டி எடுத்து வர்றார், அவர் வரக்கூடாது, கோயமுத்தூர்ல இருந்து வாரா வாரம் எஸ்டேட் பங்களாவுக்கு வர்றவர் வரலாம்னு ஆயிடும், மலை காசு இருக்கறவனோடதுங்கற சேதி அதுல இருக்கு. கோர்ட்டோ கவர்மெண்டோ அந்த ரெண்டாயிரத்த வெக்கலன்னா காரணம் பொருளாதாரம் தெரியாததுன்னு மட்டும் நெனைக்காதீங்க. ஃப்ரீ கியூவுலயும் ஒரு அநியாயம் இருக்கு, ரெண்டு வாரம் முன்னாடியே லீவு முடிவு பண்ண முடிஞ்சவன், ஃபோன்ல ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்சவன் முன்ன நிக்கறான். எந்த முறைலயும் யாரோ ஒருத்தன் வெளில நிப்பான், எவன் நிக்கறதுன்னுதான் பேச்சே.

இது வரைக்கும் ரேட்டப் பத்தி. இனி ஊக்கத்தொகை, அபராதம், அதாவது காசக் காட்டி ஆளுங்கள ஒரு வேலை செய்ய வெக்கறது, இல்ல செய்யாம நிறுத்தறது. இதுல ரொம்பப் பேர் சொல்ற சோதனை இஸ்ரேல்ல ஹைஃபாங்கற ஊர்ல நடந்தது, யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி ரெண்டு பேரும் 2000ல எழுதுனது. குழந்தைகள் காப்பகம் மொத்தம் பத்து, சாயங்காலம் பெத்தவங்க லேட்டா வந்து கூட்டிட்டுப் போறாங்க, டீச்சர் பாவம் உக்காந்திருக்கணும். ஆறு காப்பகத்துல மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டானா பத்து ஷெக்கல் அபராதம்னு போர்டு மாட்டுனாங்க. என்னாச்சுன்னா லேட்டா வர்றவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. முன்ன "ஐயோ டீச்சர் காத்துட்டிருப்பாங்களே"ன்னு ஓடி வந்தவங்க, இப்ப பத்து ஷெக்கல்தான, குடுத்துடுவோம்னு சாவகாசமா வர ஆரம்பிச்சுட்டாங்க. இதுல நெஜமாவே யோசிக்க வெக்கற விஷயம் அடுத்தது, கொஞ்ச வாரம் கழிச்சு அபராதத்த எடுத்துட்டாங்க, ஆனா லேட் கொறையவே இல்ல. சங்கடத்த ஒரு தடவ காசா மாத்திட்டா, காச எடுத்தாலும் சங்கடம் திரும்பி வரல.

ஸ்விட்சர்லாந்துல வுல்ஃபென்ஷீசன்னு ஒரு மலை கிராமம், அங்க அணுக்கழிவு கெடங்கு வெக்கலாமான்னு 1993ல கேட்டாங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல, 51 சதவீதம் பேர், சரிங்க நாட்டுக்காக ஒத்துக்கறோம்னாங்க. சரி வருஷா வருஷம் உங்களுக்கு இவ்ளோ காசும் தர்றோம்னு சேத்துக் கேட்டதும் 25 சதவீதமா எறங்கிடுச்சு. காசு குடுக்கறேன்னா ஆபத்து பெருசா இருக்கும்போலன்னு ஒரு சந்தேகம், நம்மள வெலைக்கு வாங்கப் பாக்கறாங்கன்னு ஒரு ரோஷம். இத எழுதுனதும் அதே புரூனோ ஃப்ரைதான், கூட ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்ட்சர்-ஜீ. வெளில இருந்து வர்ற காசு உள்ள இருக்கற கடமை உணர்ச்சிய நெருக்கித் தள்ளிடுதுங்கறதுதான் இந்த ஆராய்ச்சியோட மையக் கருத்து.

இத மட்டும் படிச்சுட்டு "பாத்தீங்களா, காசு எல்லாத்தையும் கெடுக்கும்"னு கெளம்பிடறாங்க சில பேர். பொறுங்க. நம்ம டாஸ்மாக் பாட்டில் கதைய பாருங்க. காட்டுலயும் ரோட்டோரத்துலயும் பாட்டில ஒடச்சுப் போட்டு யானை கால்ல கிழிக்குதுன்னு கேஸ் ஆகி, ஹைகோர்ட் சொல்லி, 2022 மே 15ல இருந்து நீலகிரில பாட்டிலுக்கு பத்து ரூபா சேத்து வாங்கிட்டு காலி பாட்டில திருப்பிக் குடுத்தா பத்து ரூபாய திருப்பித் தர்ற ஏற்பாடு வந்துச்சு, அப்பறம் மத்த மலைப் பகுதிகளுக்கும் போச்சு. இங்க காசு வேலை செஞ்சுது. பாட்டில்ல ஒட்டுன ஸ்டிக்கரோட கடைக்குத் திரும்பி வருது, குடிச்சவன் தூக்கிப் போட்டாலும் பொறுக்கற ஆள் விடறதில்ல, சாக்குல போட்டு தூக்கிட்டு வந்துடறார், ஏன்னா அந்தப் பத்து ரூபா யார் கொண்டு வந்தாலும் அவங்களுக்கு. வேலை கூடிப் போச்சேன்னு பொலம்பறது கடைல நிக்கற சேல்ஸ்மேனுங்கதான்.

ஹைஃபால கெட்டது இங்க ஏன் கெடல? என் யோசனை இது. ஹைஃபால டீச்சர் மொகத்தப் பாத்து ஒரு சங்கடம் ஏற்கனவே இருந்துச்சு, காசு வந்து அத தொரத்திடுச்சு. சோலைக்குள்ள பாட்டில வீசறவனுக்கு அப்படி ஒரு சங்கடமே இல்ல, தொரத்த ஒண்ணுமில்ல. ரெண்டாவது, அங்க அபராதம், "இவ்ளோ குடுத்தா லேட்டா வரலாம்"னு அர்த்தம் ஆச்சு. இங்க குடுத்த காச திரும்பி வாங்கறது, "வீசுனா உன் காசு போச்சு"ன்னு அர்த்தம். அதனால ஒரு ஊர்ல காசு வெச்சு ஒரு பழக்கத்த மாத்தணும்னா முதல்ல கேக்க வேண்டியது எவ்ளோ காசுன்னு இல்ல, அந்த எடத்துல ஏற்கனவே எது ஆளுங்கள தடுத்துட்டு இருக்கு, வெக்கமா, பழக்கமா, ஒண்ணுமே இல்லயான்னுதான்.

காசு இன்னொரு விதத்துலயும் சொதப்பும், இதுக்கு மனசாட்சி கூட வேண்டாம், வெறும் அளவுகோல் கோளாறு. கோத்தகிரி பக்கம் சாயங்காலம் இலை எடை போடற எடத்துல பத்து நிமிஷம் நின்னீங்கன்னா கண்ணால பாக்கலாம். ரோட்டோரம் மூட்டை மூட்டையா பச்சை தேயிலை, தொங்கற தராசு, ஏஜெண்ட் நோட்டுல எழுதிட்டே வருவார், அடுத்து பிக்கப் வண்டில ஏத்தணும், அவருக்கு அவசரம்.

"அக்கா, இலை ஈரமா இருக்கு, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்."

"மழ பெய்ஞ்சா ஈரமாத்தான் தம்பி இருக்கும், நேத்து வெயில்லயும் ரெண்டு கழிச்சீங்களே."

"நேத்து முத்தல் இலைக்கா, உள்ள கைய விட்டுப் பாத்தேன்."

அக்கா ஒண்ணும் சொல்லாம மூட்டை வாய இழுத்துக் கட்டுவாங்க. ஏன்னா முத்தல் இருக்கறது அவங்களுக்கும் தெரியும். நல்ல டீக்கு ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு கிள்ளணும், ஆனா காசு வர்றது கிலோவுக்கு, கொழுந்துக்கு இல்ல. எடுக்கற கூலியும் கிலோ கணக்குல ஏறுதுன்னா கை கொழுந்தத் தேடுமா கொத்தா உருவுமா? மெஷினும் கத்தியும் வந்தப்பறம் கேக்கவே வேண்டாம். 1991ல பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோம், பால் மில்க்ரோம் ரெண்டு பேரும் இத கணக்கா எழுதிக் காட்டுனாங்க, ரெண்டு பேருக்குமே வேற வேற வருஷத்துல நோபல் கெடச்சுது. ஒரு வேலைல ரெண்டு அம்சம் இருக்கு, ஒண்ண சுலபமா அளக்கலாம், இன்னொண்ண அளக்க முடியாது. அளக்க முடியறதுக்கு மட்டும் காசு வெச்சீங்கன்னா ஆளுங்க முழு சக்தியும் அங்க போயிடும், அளக்காதது நாறிப் போயிடும். எடை அளக்கலாம், தரத்த கைய விட்டுத்தான் பாக்கணும். ஃபேக்டரிக்கு மட்டமான இலை, குன்னூர் தேயிலை ஏலத்துல மட்டமான ரேட், அந்த ரேட்டால இலைக்கு கம்மி வெலை, வெலை கம்மிங்கறதால இன்னும் எடைய கூட்டிப் பாக்கற ஆசை. இதுல யாரும் கெட்டவங்க இல்ல, தராசு மட்டும் ஒரு பக்கம் பாக்குது.

அடுத்தது விக்கவே கூடாதுங்கற சமாச்சாரம். ரத்தம். 1970ல ரிச்சர்ட் டிட்மஸ்ங்கற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், காசு குடுத்து ரத்தம் வாங்குன அமெரிக்காவையும் தானமா வாங்குன பிரிட்டனையும் வெச்சுப் பாத்து, காசு வந்தா தானம் செய்யற மனசும் கொறையும், ரத்தத்தோட தரமும் கொறையும்னார், ஏன்னா காசு தேவைப்படறவன் நோய மறைப்பான். ரொம்ப வருஷம் கழிச்சு ஸ்வீடன்ல கோதன்பர்க்ல சோதனையே வெச்சு 2008ல வெளியிட்டாங்க. ரத்தம் குடுக்க முன்வந்த பொம்பளைங்க காசு இல்லாதப்ப 52 சதவீதம், 50 குரோனர் தர்றோம்னதும் 30 சதவீதம், அந்தக் காச நீங்களே ஒரு தர்ம காரியத்துக்கு குடுத்துடலாம்னதும் திரும்ப 53. ஆம்பளைங்ககிட்ட அப்படி ஒரு எறக்கம் தெளிவா தெரியல. அதே நேரம் அமெரிக்கால ரத்த முகாம்கள்ல சின்ன கிஃப்ட் கார்டு குடுத்துப் பாத்தப்ப ஆள் ஜாஸ்தியாத்தான் வந்தாங்க. கிஃப்டுன்னா பாராட்டு, கைல நோட்டு நீட்டுனா வேற மாதிரி ஆயிடுது, சேதி மாறுது பாருங்க. நம்ம நாட்டுல சுப்ரீம் கோர்ட் 1996ல தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1ல இருந்து காசுக்கு ரத்தம் குடுக்கற தொழிலே நின்னுச்சு.

கிட்னி இன்னும் கஷ்டமான கேள்வி, இதுல நம்ம தமிழ்நாட்டுக்கே ஒரு எடம் இருக்கு. 1994லயே சட்டம் போட்டு தடுத்தும் விக்கறது நடந்துச்சு. 2001ல சென்னைல கிட்னி வித்த 305 பேர தேடிப் புடிச்சுப் பேசி, அடுத்த வருஷம் ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. 96 சதவீதம் பேர் வித்தது கடன அடைக்க. அப்படி வித்தவங்கள்ல முக்காவாசிக்கு ஆய்வு நடந்தப்பவும் கடன் அப்படியே இருந்துச்சு. குடும்ப வருமானம் மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருந்துச்சு, ஏன்னா ஒடம்பு முடியல, முன்ன மாதிரி மூட்டை தூக்க முடியல. இன்னொருத்தருக்கு நீங்க இத சொல்வீங்களான்னு கேட்டதுக்கு 79 சதவீதம் பேர் வேண்டாம்னாங்க. "அவன் ஒடம்பு, அவன் இஷ்டம், ரெண்டு பக்கமும் லாபம்"னு பேசறவங்க இந்த எண்ண ஒரு தடவ படிச்சுட்டுப் பேசணும்.

ஆனா இங்கயும் கதை அதோட நிக்கல. ஆல்வின் ராத்னு ஒரு பொருளாதாரக்காரர், 2012 நோபல், 2007ல ஒரு கட்டுரை எழுதுனார், ஜனங்க அருவருக்கற வியாபாரங்கள் பத்தி. அருவருப்ப முட்டாள்தனம்னு தள்ளாம, தொழில்நுட்பம் போடற தடை மாதிரியே அதையும் ஒரு நெஜமான தடையா எடுத்துக்கிட்டு அதுக்குள்ள வழி தேடணும்ங்கறார். அப்படி ஒரு வழிய கூட்டாளிங்களோட சேந்து ஒழுங்கா நடக்கவும் வெச்சார். ஒரு புருஷனுக்கு பொண்டாட்டியோட கிட்னி சேரல, இன்னொரு எடத்துல ஒரு தம்பிக்கு அக்காவோடது சேரல, ஆனா மாத்திக் குடுத்தா ரெண்டும் சேருது, அப்ப மாத்திக்கலாமே. காசு இல்ல, ஆனா இதுவும் கொடுக்கல் வாங்கல்தான். நம்ம சட்டத்துலயே 2011 திருத்தத்துல இதுக்கு எடம் குடுத்துட்டாங்க. யாருக்கும் அருவருப்பு இல்ல. ஈரான்ல காசு குடுத்து வாங்கறதுக்கே சட்டப்படி ஏற்பாடு இருக்கு, அது வேற விவாதம், அதுக்குள்ள இப்ப போகல.

கடைசியா பெரிய கேள்வி, சந்தைக்குள்ளயே பொழைக்கற ஜனங்க கெட்டுப் போறாங்களா? 1748லயே மான்டெஸ்க்யூ, வியாபாரம் நடக்கற எடத்துல ஜனங்க நடத்தை மென்மையாகும்னு எழுதிட்டார். ஜோசஃப் ஹென்ரிக்கும் கூட்டாளிங்களும் 15 சின்னச் சின்ன சமூகங்கள்ல போய் ஒரு விளையாட்டு வெச்சாங்க. ஒருத்தர் கைல ஒரு தொகை, அவர் இன்னொருத்தருக்கு எவ்ளோ தர்றேன்னு சொல்லணும், அவர் ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும், மாட்டேன்னா யாருக்கும் இல்ல. சந்தைல ஜாஸ்தி பழகுன சமூகங்கள் பாதிக்குப் பக்கமா குடுத்தாங்க, பெரு நாட்டுக் காட்டுல தனித்தனி குடும்பமா வாழற மச்சிகெங்கா ஜனங்க சராசரியா கால் பங்குதான். முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட நியாயமா நடந்துக்கறத சந்தை கத்துக் குடுக்குதோன்னு நெனைக்க வெக்குது.

நம்ம மலைல காலங்காலமா இருக்கற நாலு சமூகத்துக்குள்ள பழைய கொடுக்கல் வாங்கல் ஒண்ணு இருந்துச்சே. கோத்தர் இரும்புச் சாமான், மண்பானை செய்வாங்க, சாவுக்கும் சடங்குக்கும் வாசிப்பாங்க, படுகர் தானியம் குடுப்பாங்க, தோடர் நெய்யும் எருமையும், குறும்பர் தேனும் காட்டுச் சரக்கும். ரேட் கெடையாது, இந்த வீட்டுக்கு இந்த வீடுன்னு தலைமுறையா தொடர்பு, நல்ல நாள் கெட்ட நாள்ல கேக்கலாம். இங்கிலீஷ்காரன் வந்து உருளைக்கிழங்கும் எஸ்டேட்டும் ரொக்கமும் வந்தப்பறம் அது மெல்ல மெல்ல கலைஞ்சுது. இத சொல்லி கண்ணு கலங்கறவங்க உண்டு, நான் அவ்ளோ தூரம் போக மாட்டேன். அந்த ஏற்பாட்டுல மேல கீழ இருந்துச்சு, கோத்தர தாழ்வா வெச்சாங்க, புடிக்கலன்னா வேற ஆள்கிட்ட விக்கறேன்னு ஒரு கோத்தரால சுலபமா சொல்லிட முடியாது. ரொக்கம் ஒறவ அறுத்துச்சு, அதே ரொக்கம் வேற ஆள்கிட்ட போற வழியையும் தொறந்துச்சு.

எதிர்ப் பக்கம் ஆதாரமும் இருக்கு. ஜெர்மனில ஆர்மின் ஃபால்க், நோரா ஸெக் வெச்சு 2013ல வெளியிட்ட எலி சோதனை. ஆய்வுக்கூடத்துல மிச்சமான, எப்படியும் கொல்லப் போற எலிங்க. ஒரு ஆள்கிட்ட, 10 யூரோ எடுத்துக்கிட்டா ஒரு எலி சாகும், வேண்டாம்னா அது காப்பாத்தப்படும்னாங்க. தனியா முடிவெடுத்தவங்கள்ல 46 சதவீதம் காச எடுத்தாங்க. அதையே வாங்கறவர், விக்கறவர்னு பிரிச்சு பேரம் பேச விட்டதும் 10 யூரோவுக்கோ அதுக்கும் கீழயோ எலிய குடுத்தவங்க 72 சதவீதம், நெறைய பேர் கூடுன சந்தைல 76. நான் இல்லன்னா இன்னொருத்தன் விப்பான், நான் மட்டுமா, ரேட்ட பத்தித்தான பேச்சு, இப்படி பாரம் ஆளாளுக்குப் பிரிஞ்சு கடைசில யார் தோள்லயும் இல்லாம போயிடுது. ஆனா 2023ல பியோர்ன் பார்ட்லிங், எர்ன்ஸ்ட் ஃபேர், யாகிஸ் ஓஸ்டெமிர் இத திரும்பப் பாத்து ஒரு ஓட்டைய காட்டுனாங்க. சந்தைல முடிவு திரும்பத் திரும்ப எடுக்கறாங்க, தனி ஆள் ஒரே தடவ எடுத்தார், தனி ஆளுக்கும் திரும்பத் திரும்ப அதே கேள்விய வெச்சா அவரும் அதே அளவுக்கு எறங்கிடறார், அதாவது கெடுத்தது சந்தையா, பழகிப் போனதான்னு சந்தேகம்.

தேயிலைல ரெண்டுமே இருக்கு. இலை ஏஜெண்டக் கேட்டா ஃபேக்டரி குடுக்கற ரேட் அவ்ளோதாங்க்கா, ஃபேக்டரிகாரரக் கேட்டா குன்னூர் ஏலத்துல அவ்ளோதான் போச்சு, ஏலத்துல எடுத்தவரக் கேட்டா பாக்கெட் டீ போட்டி அப்படி, கடைல நாம எடுக்கறதும் ஆஃபர் போட்ட பாக்கெட்தான். வாரா வாரம் அதே ஏலம், தெனமும் அதே ரெண்டு கிலோ கழிவு. நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ டீத்தூளுன்னு வெச்சு, ஏல சராசரில விவசாயிக்கு 65 பங்கு ஃபேக்டரிக்கு 35 பங்குன்னு கணக்குப் போட்டு டீ போர்டு மாசா மாசம் பச்சை இலைக்கு ஒரு வெலை அறிவிக்குது, இதுக்குக் கீழ ஃபேக்டரி குடுக்கக் கூடாதுன்னு. மார்க்கெட் ரேட்னு சொல்லிட்டு நழுவ முடியாதபடி அந்த சங்கிலில ஒரு எடத்துல ஒரு எண்ணக் கட்டி வெச்ச மாதிரி. ஆனா அந்த எண்ணே ஏலத்துல இருந்துதான பொறக்குது, ஏலம் விழுந்தா அதுவும் விழுது. 2023ல கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிங்க உண்ணாவிரதம் உக்காந்தப்ப கேட்டது ஏல சராசரிய இல்ல, செடி வளக்கற செலவ அடிப்படையா வெச்ச ஒரு வெலைய. மம்பட்டிக் கேள்விக்கும் லெட்யூஸ் கேள்விக்கும் கனடாக்காரங்க சொன்ன பதில்ல இருக்கற அதே நியாயம்தான், செலவுக்கு ஏத்த மாதிரி ரேட் வை. ஏலத்துல கை தூக்கறவருக்கு அந்த செலவு தெரியவும் தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய கட்டாயமும் இல்ல.